விரதம் என்று சொன்ன வாய்

அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும் என்று தையலக்கா திட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை. வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியபடி, தன் கடையில் நின்று மேல்வீட்டம்மாவின் ரவிக்கைத் தோளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அளவு கொடுக்க வந்தவர் அளவோடு நிற்கலாம் அல்லவா? மேல்வீட்டம்மா அந்த ரகம் இல்லை.

"ஏன் தையலக்கா, உங்க வீட்டுக்காரருக்கு என்னாச்சு? நேத்து லிஃப்ட்ல சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்கே தெரியவில்லை என்று சொல்லலாம். வீட்டிலும் அப்படித்தான் நிற்கிறார் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் இன்று சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்க அவள் கணவர் மாஸ்டருக்கு மூளை கலங்கிவிட்டது என்று பரவிவிடும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தையலக்கா குண்டூசிகளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அவரு மௌன விரதம் இருக்காரும்மா."

மேல்வீட்டம்மாவின் இரண்டு கைகளும் தாமாகக் குவிந்தன. ஊசி குத்திய ரவிக்கை தோளிலிருந்து நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. "அதானே பாத்தேன். முகத்துல ஒரு களை தெரிஞ்சுது" என்றாள்.

களையாம் களை! வாரக்கணக்கில் சரியாகத் தண்ணீர் படாத முகம் அது.

தையலக்காவின் கணவரை எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் உட்காரும் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக் என்று இரட்டை பிரேக் வைத்த வெள்ளைக் கார் அவருடையது. எத்தனையோ பேர் அந்தக் காரை மரத்தின் மேலும் மதில் மேலும் ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். மாஸ்டரின் கால் அதற்கு விட்டதில்லை. "கண்ணாடியப் பாரும்மா, அப்புறம் காலை எடு" என்பது அவர் மந்திரம். ஒரு மணி நேரப் பாடத்தில் வண்டி பாதி நேரம் ஓடும். அவர் வாய் முழு நேரமும் ஓடும். அந்த வாய்க்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். பயந்து நடுங்குகிற பெண்களையும் வயதானவர்களையும் சிரிக்க வைத்தே நெடுஞ்சாலையில் ஏற்றிவிடுவார்.

வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. குழம்பில் உப்பு, பக்கத்து வீட்டுச் சண்டை, செய்தியில் வந்த திருடன், எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து. அவள் தையல் மெஷினை மிதித்தால்கூட, "மெதுவா விடு, மெதுவா விடு, முன்னால குழி இருக்கு" என்பார். பிள்ளை இல்லாத அந்த வீட்டை அவர் ஒருவரே பேசி நிரப்பினார். காது வலித்த நாட்களில் தையலக்கா விளக்கேற்றும்போது வேண்டுமென்றே சத்தமாக வேண்டுவாள்: "கடவுளே, இந்த மனுஷன் வாயை ஒரு நாளாவது மூட மாட்டியா?" அவர் உள்ளே இருந்து, "அவருக்கே என்கிட்ட பேச ஆசை, எப்படி மூடுவாரு?" என்பார்.

அந்த வேண்டுதல் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. விளையாட்டுக்குச் சொன்னதைக் கடவுள் வினையாக எடுத்துக்கொண்டாரோ என்று பயந்தாள்.

ஒரு காரணம் கிடைத்திருந்தாலாவது அதைப் பிடித்துத் தொங்கியிருப்பாள். கடன் இல்லை, சாவு இல்லை, சண்டை இல்லை. முதலில் கிண்டல் நின்றது. பிறகு சாப்பாட்டைக் குறை சொல்வது நின்றது. அப்போது அவள் சந்தோஷப்பட்டாள், பாவி. ஒரு நாள் பாடத்தை முடித்துவிட்டு வந்தவர், காருக்கு உறை போட்டார், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார், அதோடு சரி. அழைப்பு வந்தால் எடுப்பதில்லை. தட்டில் போட்டதை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வைத்துவிடுவார். படுக்கையில் கூரையைப் பார்த்தபடியே விடியவிடிய கிடப்பார். "என்னங்க, எங்க வலிக்குது, சொல்லுங்க" என்று அவள் கெஞ்சும்போது அவளைப் பார்ப்பார். பார்வை அவள் முகம்வரை வராமல் நடுவிலேயே எங்கோ நின்றுவிடும்.

மேல்வீட்டம்மாவிடம் சொன்ன பொய் அன்றைக்கே மாடிப்படி ஏறியது. மறுநாள் யாரோ வாசலில் பூ வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்து பழம். பொய்யில் ஒரு வசதி இருந்தது, அதுதான் தையலக்காவைக் கெடுத்தது. நோயின் ஒவ்வொரு குறிக்கும் ஒரு புண்ணியப் பெயர் தயாராக இருந்தது. சாப்பிடாவிட்டால் உபவாசம். தூங்காவிட்டால் நிஷ்டை. சவரம் செய்யாவிட்டால் விரதத் தாடி. நாற்காலியை விட்டு எழுந்திருக்காவிட்டால் ஆசனசித்தி. "எவ்வளவு வைராக்கியம்!" என்று வந்தவர்கள் வியந்தார்கள். மாஸ்டரிடம் கற்றும் லைசன்ஸ் தேர்வில் மூன்று தடவை தோற்றுப்போன ஒரு கடைக்காரர் வந்து, லைசன்ஸ் கிடைக்க ஆசீர்வாதம் கேட்டு நாற்காலி முன்னால் விழுந்து கும்பிட்டார். பழைய மாஸ்டராக இருந்தால், "முதல்ல கியரக் கும்பிடுய்யா" என்றிருப்பார். இந்த மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கடைக்காரர் மெய்சிலிர்த்துப் போனார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தையலக்கா கதவைச் சாத்தினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சில சமயம் அவளே நம்பிவிட்டாள். ஒருவேளை உண்மையிலேயே விரதம்தானோ, எனக்குச் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டாரோ என்று. அப்படி நினைத்தால் இரண்டு வாய் சோறு இறங்கும்.

செய்தி கேட்டு நாத்தனார் வந்து சேர்ந்தாள். மாஸ்டரின் அக்கா. வெள்ளிக்கிழமைதோறும் பெண்களைக் கூட்டி வைத்துப் பிரார்த்தனை நடத்துகிறவள். குரல் கணீரென்று இருக்கும், தப்பாகப் பாடினால் பார்வையாலேயே சுடுவாள். பெட்டியோடு வந்தாள். தம்பியின் முன்னால் நின்று கண்ணீர் விட்டாள். துக்கத்தில் இல்லை, பெருமையில்.

"எனக்குத் தெரியும்டா தம்பி, நம்ம வம்சத்துல இன்னொருத்தர் வருவாருன்னு" என்றாள். பிறகு பூஜை அலமாரியைத் திறந்து, மாலை போட்ட பழைய படம் ஒன்றைக் கையில் எடுத்துத் தம்பியின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அதே கண்ணு, பாரு."

படத்தில் இருந்தவர் மௌனச் சித்தப்பா. அந்தக் குடும்பத்தின் பெருமை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தையலக்கா அந்தப் படத்துக்கும் சேர்த்துத்தான் விளக்கேற்றி வருகிறாள். இளம் வயதிலேயே பேச்சை விட்டு, மூலையில் உட்கார்ந்து, கடைசியில் ஏரியில் ஜலசமாதி ஆனவர் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். முழுக் கதையையும் நாத்தனார் அன்றுதான் சொன்னாள்.

"எனக்கு அப்போ பாவாடை கட்டற வயசு. அன்னைக்குக் காலைல அவரே எழுந்து குளிச்சாரு. அவ்வளவு நாளா குளிக்காதவரு. வேட்டியத் துவைச்சு உடுத்திக்கிட்டு, நெத்தி நெறைய விபூதி. முகம் அப்படியொரு தெளிவு. வாசல்ல உக்காந்திருந்த என்னப் பாத்து, ‘வரேன்’னாரு. மௌனம் கலைஞ்சு வந்த மொத வார்த்தை. மௌனம் கலையற மொத வார்த்தைக்கு வாக்குபலம் உண்டு தெரியுமா? அது பலிக்காமப் போகாது. நான் அப்பலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன். இப்பத்தான் வந்திருக்காரு." தம்பியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதோடு விட்டாளா? வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் விரத நிறைவு என்று அறிவித்துவிட்டாள். பிரார்த்தனைக் கூட்டம் இங்கேயே நடக்கும். எல்லார் முன்னிலையிலும் தம்பி முதல் வார்த்தை பேசுவான். யார் யாருக்கு என்ன வேண்டுமோ மனதில் நினைத்துக்கொண்டு வரலாம்.

தையலக்கா புலி வாலைப் பிடித்தவளாய் நின்றாள். விட்டால் கடிக்கும், பிடித்துக்கொண்டே எத்தனை நாள் நிற்பது?

வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு, கடைக்கு ஒரு நர்ஸ் வந்தாள். அடுத்த தெருவில் இருப்பவள். சீருடைக் கால்சட்டையின் கீழ்மடிப்பு பிரிந்திருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் போகாமல், கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, நான் மாஸ்டரோட கடைசி ஸ்டூடண்ட். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலாமா வேணாமான்னு இத்தன நாளா மனசுல போட்டு உருட்டிக்கிட்டிருந்தேன்."

"சொல்லும்மா."

"ஆஸ்பத்திரி இறக்கம் இருக்கில்ல, அதுல இறங்கறேன். கீழ சிக்னல். குறுக்க லாரி போவுது. பதட்டத்துல பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டேன். வண்டி பறக்குது. மாஸ்டர் கால் பிரேக் மேலதான் இருக்கு. நான் பாத்தேன். ‘மாஸ்டர்! மாஸ்டர்!’னு கத்தறேன். அவரு..." நர்ஸ் தன் கையைப் பார்த்தாள். "அவரு மிதிக்கலக்கா. லாரியப் பாத்துக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி. கடைசியில நான்தான் ஹேண்ட் பிரேக்க இழுத்தேன். வண்டி சுத்திக்கிட்டுப் போய் ஓரத்துல நின்னுச்சு. அப்பத்தான் என்னப் பாத்தாரு. நான் பக்கத்துல இருந்ததே அப்பத்தான் ஞாபகம் வந்த மாதிரி. முகமெல்லாம் வேத்துப்போச்சு. ‘மன்னிச்சிரும்மா’ன்னாரு. அவ்வளவுதான். நான் வேற இடத்துல கத்துக்கிட்டுப் போன வாரம் லைசன்ஸ் வாங்கிட்டேன். ஆனா அந்த முகம் போகல."

தையல் மெஷின் சக்கரத்தின் மேல் தையலக்காவின் கை அப்படியே இருந்தது.

"விரதம்னு கேள்விப்பட்டேன்" என்றாள் நர்ஸ். "இருக்கட்டும். தூங்கறாரா?"

"இல்ல."

"சாப்பிடறாரா?"

"இல்ல."

"அக்கா, இதுக்கு டாக்டர் இருக்காங்க, மருந்து இருக்கு. எங்க வார்டுலயே பாக்கறாங்க."

"பைத்தியம்னு பேரு வந்துரும்மா."

"பேரு என்ன வேணா வரட்டும்க்கா. ஆளு இருக்கணும்ல?" என்று நர்ஸ் சொன்ன குரலில் கோபம் இருந்தது. "தனியா விடாதீங்க. இன்னொண்ணும் சொல்றேன், பயமுறுத்தறதுக்காக இல்ல. இப்படி இருக்கறவங்க ஒரு நாள் திடீர்னு எழுந்து தெளிவா ஆயிட்டா, அப்பாடான்னு விட்டுராதீங்க. சில பேர் உள்ளுக்குள்ள ஒரு முடிவு எடுத்துட்டா அப்படி ஆவாங்க. அன்னைக்குத்தான் கூடவே இருக்கணும். எந்த நேரம்னாலும் என்னைக் கூப்பிடுங்க."

அவள் போன பிறகு தையலக்கா கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஓடினாள் என்றால் உண்மையிலேயே ஓடினாள், தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்க்க. மாஸ்டர் நாற்காலியில்தான் இருந்தார். மூச்சு வாங்கியபடி பூஜை அலமாரி முன்னால் போய் நின்றாள். மாலைக்குள்ளிருந்து மௌனச் சித்தப்பா பார்த்தார். குளிச்சாரு. வேட்டி உடுத்தினாரு. முகம் தெளிவு. வரேன்னாரு. தினமும் கற்பூரம் காட்டிய முகத்தை அன்றுதான் அவள் முதல்முறையாகப் பார்த்தாள். அது சமாதி இல்லை. யாரும் கையைப் பிடித்து நிறுத்தாமல் போன ஒரு மனிதன். திரும்பிப் போய்க் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நாத்தனாரிடம் மெல்ல ஆரம்பித்தாள். "அக்கா, ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துரலாம்."

"எதுக்கு? விரதத்துக்கு ஊசி போடுவாங்களா?"

"விரதம் இல்லக்கா, ஏதோ..."

"என்ன இல்ல?" நாத்தனார் திரும்பிய வேகத்தில் கையில் இருந்த பூ கீழே சிந்தியது. "நீதானேம்மா சொன்ன? ஊரு பூரா சொன்னது நீதானே? தெய்வ காரியத்துல பொய் சொன்னியா?"

தையலக்காவின் பொய்யே வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கணவரிடம் போய்க் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. நனைந்த துணி மூட்டையை இழுப்பதைப் போல இருந்தது. அன்று முழுக்க கடை திறக்கவில்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து பழைய துணிகளுக்குப் பொத்தான் தைத்தாள். தேவையில்லாத சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் தைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் அடுப்படியில் இருந்தபோது குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நாத்தனார் ஹாலில் விளக்கு துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

தையலக்கா குளியலறைக் கதவின் முன்னால் போய் நின்றாள். உள்ளே தாழ்ப்பாள். தட்டினாள். தண்ணீர் நின்றது. கதவு திறந்தது. மாஸ்டர் குளித்து முடித்துத் துண்டோடு நின்றார். யாரும் சொல்லாமலேயே அலமாரியிலிருந்து வெள்ளை வேட்டி எடுத்து உடுத்தினார். மேசை மேல் சிதறிக் கிடந்த தன் சாமான்களை ஒழுங்கு செய்தார். கைக்கடிகாரத்தையும் கார் சாவியையும் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விபூதித் தட்டைத் தன் பக்கம் இழுத்து, நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். அவர் முகத்தில் அந்தத் தெளிவு இருந்தது. வாரக்கணக்கில் அவள் எதற்காக வேண்டிக்கொண்டாளோ அந்தத் தெளிவு.

"பாத்தியா!" நாத்தனார் குரல் தழுதழுத்தது. "தெளிஞ்சுட்டான்!"

அன்று பகல் முழுக்க தையலக்கா அவரை விட்டு அகலவில்லை. அவர் பால்கனிக்குப் போனால் பால்கனிக்குப் போனாள். அவர் ஒரு தடவை மென்மையாக அவள் தலையைத் தொட்டார். எத்தனை நாளைக்குப் பிறகு! அந்தத் தொடுகை அவளுக்கு விடைபெறுவதாகப் பட்டது. மாலை கூட்டம் வரும் முன்பே நர்ஸுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: ‘வாம்மா. கீழே நில்லு.’

கூட்டம் வந்தது. செருப்புகள் மாடிப்படி வரை இறங்கின. மேல்வீட்டம்மா முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள், மகள் ஜாதகத்தை மடியில் வைத்துக்கொண்டு. கடைக்காரர் ஆண்கள் பக்கத்தில் ஓரமாக. மின்விசிறி சுற்றியும் புழுக்கம் குறையவில்லை. நாத்தனார் பாடினாள், எல்லோரும் பின்பாட்டுப் பாடினார்கள். தையலக்காவின் காதில் ஒரு வரியும் ஏறவில்லை. அவள் கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கற்பூரம் காட்டினார்கள். மணி நின்றது.

நாத்தனார் தம்பியின் முன்னால் வந்து கை கூப்பினாள். "விரதம் நெறஞ்சுது தம்பி. இப்போ பேசு."

ஒரு இருமல் இல்லை, வளையல் சத்தம் இல்லை. எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். மாஸ்டர் நிமிர்ந்தார். சுற்றிலும் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார். இந்த முறை பார்வை நடுவில் நிற்கவில்லை, அவள் முகம்வரை வந்தது. ‘வ’ என்று தொடங்கும் ஒரு வார்த்தைக்காகக் கீழுதடு மேல்பல்லில் பட்டது.

தையலக்கா பாய்ந்தாள். எப்படி எழுந்தாள், எத்தனை பேர் மடியை மிதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஊசி குத்திக் காய்த்துப்போன தன் கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"வேணாம்! சொல்லாதீங்க! நான் பேசறேன்!"

"ஐயையோ!" என்று மேல்வீட்டம்மா தலையில் கை வைத்தாள். "வாக்கத் தடுத்துட்டாளே!"

"விரதம் இல்ல" என்றாள் தையலக்கா. பொத்திய கையை எடுக்காமலே சொன்னாள். "எந்த விரதமும் இல்ல. நான் சொன்னது பொய். அவருக்கு உடம்பு சரியில்ல. மனசு சரியில்ல. தூக்கம் போச்சு, சோறு போச்சு, உசுரு மேல இருந்த பிடிப்பும் போச்சு. கேவலமாயிரும்னு விரதம்னு பேரு வச்சேன். நீங்க எல்லாரும் கும்பிட்டீங்க. தப்பு உங்க மேல இல்ல. நான்தான் சொன்னேன்."

"சண்டாளி!" நாத்தனாரின் குரல் கூரையில் மோதியது. "எங்க வம்சத்துல பைத்தியம் கிடையாது! எங்க சித்தப்பா ஜலசமாதி ஆனவரு! வாக்குபலம் உள்ள வம்சம் இது!"

தையலக்காவுக்குக் கோபம் வரவில்லை. பாவாடை கட்டிய ஒரு சின்னப்பெண் வாசலில் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"வரேன்னு சொன்னவரு வந்தாராக்கா?" என்று கேட்டாள்.

சுற்றி இருந்தவர்கள் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவள் பூஜை அலமாரியைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். கணீரென்ற அந்தக் குரல் எங்கே போயிற்றோ, மிகச் சின்னதாக ஒரு குரல் வந்தது.

"வரல" என்றாள். "ராத்திரி வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன். கையப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். சாமியத் தொடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் பக்கத்தில் போகத் துணியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே கையை ஊன்றி எழுந்தாள். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து கார் சாவியை எடுத்துத் தையலக்காவின் கையில் வைத்து அழுத்தினாள். பிறகு, தெய்வமாக நினைத்துக் கும்பிட்டு வந்த தம்பியின் கையை இறுக்கிப் பிடித்தாள். "எந்திரிடா. போய்க் காட்டிட்டு வா. இந்தத் தடவையும் நான் வாசல்ல உக்காந்திருப்பேன். வந்துரு."

அக்கா ஒரு கை, மனைவி ஒரு கை. மாஸ்டர் எழுந்தார். கூட்டம் வழிவிட்டது. மேல்வீட்டம்மா ஜாதகத்தைப் பைக்குள் சொருகிக்கொண்டு, குனிந்து அவருடைய செருப்பைத் தேடி எடுத்துக் காலடியில் நேராக வைத்தாள்.

கீழே நர்ஸ் நின்றிருந்தாள். வெள்ளைக் காரின் உறையை உருவினார்கள். ‘கற்றுக்கொள்பவர்’ பலகை இன்னும் தலையில் இருந்தது. பழக்கம் என்பது பெரிய விஷயம்; மாஸ்டர் யாரும் சொல்லாமல் முன்னிருக்கையில், தன்னுடைய இடத்தில் போய் உட்கார்ந்தார். தையலக்கா அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, இருக்கைக்கு மேலாகக் கை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கதவுப் பூட்டை மூன்று தடவை சரிபார்த்தாள்.

லைசன்ஸ் வாங்கி ஒரு வாரமே ஆன கை அது. நர்ஸ் வியர்த்து வழிந்தபடி ஓட்டினாள். மாஸ்டர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பார்த்தால் அவர் முகம் தெரியவில்லை. காதும், காதோரம் வழிந்த விபூதியும் மட்டும் தெரிந்தன. சாயங்கால நெரிசல். ஆஸ்பத்திரி போகிற வழி அந்த இறக்கத்தில்தான் இறங்க வேண்டும். அது நெருங்கும்போதே தையலக்கா அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

இறக்கத்தில் வண்டி வேகம் பிடித்தது. கீழே சிக்னல் இன்னும் பச்சையில் இருந்தது. போய்விடலாம் என்று நர்ஸ் நினைத்தாள். பாதி தூரத்தில் விளக்கு மாறியது. பக்கவாட்டுத் தெருவிலிருந்து ஒரு லாரி மூக்கை நீட்டியது. நர்ஸின் கால் தடுமாறியது. தையலக்கா கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் யாரை நம்பிக் கத்துவது?

தட்டென்று ஒரு சத்தம். வண்டி குலுங்கி நின்றது. தையலக்கா முன்னிருக்கையில் போய் மோதினாள். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு குறுக்கே கடந்து போயிற்று.

நர்ஸ் தன் கால்களைப் பார்த்தாள். அவள் இரண்டு கால்களும் அந்தரத்தில் இருந்தன. பக்கத்தில், வேட்டி விலகி, மாஸ்டரின் வலது கால் பிரேக்கை அடிவரை மிதித்திருந்தது. அந்தக் காலைப் பார்த்து மாஸ்டரே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். மூச்சு வேகமாக ஓடியது. துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பதைப் போல ஒரு குரல் வந்தது.

"கண்ணாடியப் பாரும்மா."

தையலக்கா வாய்விட்டு அழுதாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருக்கையைக் கட்டிக்கொண்டு, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். அவர் திரும்பவில்லை. ஆனால் அவர் கை மேலே வந்து, தோளைப் பிடித்திருந்த அவள் கையின் மேல் விழுந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நானும் தையலக்காவைப் போலப் பொய் சொன்னவன் ஆவேன். இனிமேல்தான் மருந்து, தூக்கம், திரும்பவும் பேசாத நாட்கள், டாக்டர் மாற்றிய மாத்திரைகள் எல்லாம். அது அப்போது அந்தக் காரில் இருந்த மூன்று பேருக்கும் தெரியாது. சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. நர்ஸ் கண்ணாடியைப் பார்த்தாள், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். வண்டி நகரவில்லை. மாஸ்டரின் கால் இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது.

"போகலாமா மாஸ்டர்?" என்று கேட்டாள்.

எதிரே, இறக்கத்தின் முடிவில், ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். பின்னால் ஹாரன் சத்தம் கூடியது. இது அவர் எடுக்க வேண்டிய கால். அவர் மெதுவாக, மிக மெதுவாக, காலை எடுத்தார்.